“மேற்படி” போட்டு வெட்டிய கண்ணிகள்: பாட்டுப் புத்தகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அண்ணன் அவர்களுக்கும், செயலாளர் தம்பிக்கும், பாட்டுகளைத் தட்டச்சு செய்து கண்ணைக் கெடுத்துக்கொண்ட தங்கைகளுக்கும் வணக்கம்.

தோட்டத்து ஒன்றுகூடலுக்காக நீங்கள் போடும் பாட்டுப் புத்தகத்தின் மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தீர்கள். அந்தக் குழுவிலேயே பதில் போட்டிருப்பேன். ஆனால் அங்கே எதை எழுதினாலும் அரை மணி நேரத்தில் காலை வணக்க ரோஜாப்பூவுக்கு அடியில் போய்விடுகிறது. அதோடு இது நம் சுங்கை சிப்புட்டுக்கு மட்டும் உரிய விஷயமும் இல்லை. மலேசியாவில் பேராக்கிலும் கெடாவிலும் சிலாங்கூரிலும் பழைய தோட்டக்காரர்கள் கூடும்போது மலர் போடுகிறார்கள், பாட்டுத் தொகுக்கிறார்கள். அவர்கள் கண்ணிலும் படட்டுமே என்றுதான் திறந்த மடல்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளை இடித்து, ரப்பர் பால்மரத்தைச் சாய்த்து, செம்பனை நட்டு, அப்புறம் அதில் பாதியைத் தாமானாகவும், அதாவது வீடமைப்புப் பகுதியாகவும் ஆக்கிவிட்ட இடத்திலிருந்து இத்தனை பாட்டுகளைத் திரட்டியது பெரிய காரியம். தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, புல்வெட்டும்போது பாடியது, பால் கொட்டகையில் வரிசையில் நின்று பாடியது என்று பிரித்து வைத்ததும் சரியாக இருக்கிறது. தோட்டத்தின் எந்த டிவிஷனில் யார் வாயிலிருந்து எடுத்தது என்று குறித்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது.

என் மனத்தாங்கல் ஒன்றே ஒன்று. பக்கம் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று, ஒரே மாதிரி தோன்றிய கண்ணிகளை எல்லாம் வெட்டிவிட்டு “மேற்படி”, “முதல் கண்ணி போலவே” என்று அடைப்புக்குறியில் போட்டிருக்கிறீர்கள். சில இடங்களில் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடையில் இருந்த சின்ன வேறுபாட்டை எழுத்துப் பிழை என்று எண்ணி ஒன்றாக்கியும் விட்டீர்கள். அந்தச் சின்ன வேறுபாட்டில்தான் கதை இருக்கிறது. பாக்கி எல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு வரும் வண்டி.

பெரட்டுப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். பெரட்டு என்றால் விடியுமுன் தோட்டத்து ஆட்களை நிறுத்திப் பேர் படிக்கும் இடம். புத்தகத்தில் மூன்று கண்ணி முழுதாக இருக்கிறது, நான்காவது அடைப்புக்குறிக்குள் போய்விட்டது. எனக்குக் கிடைத்த வடிவம் இது (கிராணி தோட்டத்துக் குமாஸ்தா, நிரை பால் வெட்டும் மர வரிசை):

கோழி கூவும் முன்னால கொட்டுச் சத்தம் பெரட்டுல
கங்காணி பேர் படிச்சா கைதூக்க ஆளில்ல
அண்ணன் எங்கே தங்கச்சி, அண்ணன் எங்கே தங்கச்சி?
ஆத்தோர நிரையில, அந்திக்குள்ள வந்துருவான்.

கோழி கூவும் முன்னால கொட்டுச் சத்தம் பெரட்டுல
கிராணி பேர் படிச்சா கைதூக்க ஆளில்ல
அண்ணன் எங்கே தங்கச்சி, அண்ணன் எங்கே தங்கச்சி?
ஆசுபத்திரிக் கட்டிலுல, அமாவாசைக்குள்ள வந்துருவான்.

கோழி கூவும் முன்னால கொட்டுச் சத்தம் பெரட்டுல
சப்பான்காரன் பேர் படிச்சா கைதூக்க ஆளில்ல
அண்ணன் எங்கே தங்கச்சி, அண்ணன் எங்கே தங்கச்சி?
ஆளோட ஆளாச் சயாமுல, ஆடிக்குள்ள வந்துருவான்.

கோழி கூவும் முன்னால கொட்டுச் சத்தம் பெரட்டுல
பேர் படிக்க யாருமில்ல, கைதூக்க ஆளில்ல
அண்ணன் எங்கே தங்கச்சி, அண்ணன் எங்கே தங்கச்சி?
ஆத்தோர நிரையில, அந்திக்குள்ள வந்துருவான்.

நான்காம் கண்ணியில் முதல் கண்ணியிலிருந்து மாறியது அரை வரிதான். அதனால் “முதல் கண்ணி போலவே” என்று போட்டவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். கண்ணால் பார்த்தால் அப்படித்தான் தெரியும். காதால் கேட்டால் அப்படித் தெரியாது. மூன்று தடவை ஒருவன் பேர் படித்து, மூன்று தடவை நாள் தள்ளிப் போய், நான்காவது தடவை பேர் படிக்கவே ஆளில்லாத இடத்தில் அதே பழைய பதில் வருகிறது. ஆத்தோர நிரை. அந்திக்குள் வந்துவிடுவான். முதல் தடவை அது உண்மை: காலையில் பால் வெட்டப் போன பையன் சாயங்காலம் வீடு திரும்புவான். கடைசியில் அதே சொற்களை அவள் எதற்காகச் சொல்கிறாள்? புத்தி பேதலித்துவிட்டதா, ஊர் வாயை அடைக்கச் சொல்கிறாளா, இல்லை, ஆற்றோரத்தில்தான் அவனுக்கு ஏதாவது நட்டு வைத்திருக்கிறார்களா? பாட்டு சொல்லாது. ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் அந்த வரி தலைகீழாகிவிட்டது. அந்தக் கண்ணியை அடைப்புக்குறிக்குள் தள்ளினால், புத்தகத்தைப் படிக்கிற பிள்ளைக்கு அண்ணன் சயாமுக்குப் போய் ஆடி மாதம் திரும்பி வந்துவிட்ட மாதிரி இருக்கும். முடிவே மாறிப் போகிறது, ஐயா.

இந்தப் பாட்டு எப்படிப் பாடப்பட்டது என்பதையும் நினைத்துப் பாருங்கள். புல்வெட்டும் கூட்டத்தில் ஒருத்தி தலைப்பாட்டுக்காரி. மற்றவர்கள் பின்பாட்டு. கோழி கூவுவதையும் “அண்ணன் எங்கே தங்கச்சி” என்ற கேள்வியையும் கூட்டம் பாடும். யார் பேர் படித்தார், அண்ணன் எங்கே போனான், எப்போது வருவான் என்பதைத் தலைப்பாட்டுக்காரி மட்டும் பாடுவாள். மாறாததைக் கூட்டம் பாட, மாறுவதை ஒருத்தி பாட, கை ஓயாமல் வேலை நடக்கும். மாறாத வரி வரும்போது யாரும் உன்னிப்பாகக் கேட்பதில்லை, அது வாயில் தானாக வரும். காது முழுக்க அந்த ஒருத்தி அடுத்து என்ன சொல்லப் போகிறாள் என்பதில் இருக்கும். ஒரே ஒரு சொல் மாறினாலும் அங்கே அது பெரிய சேதி.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. முதல் மூன்று கண்ணியிலும் கூட்டம் கேட்கும் கேள்வி அதிகாரியின் கேள்வி. கங்காணி, கிராணி, அப்புறம் சப்பான்காரன். பெண்கள் சும்மா அந்த வாயாக நின்று கேட்கிறார்கள். நான்காவதில் அதிகாரி இல்லை, ஆனாலும் கேள்வி நிற்கவில்லை. இப்போது கேட்பது யார்? பக்கத்து லயத்துப் பெண்கள். பதில் தெரிந்தவர்கள். தெரிந்துகொண்டே கேட்கிறார்கள். ஒரு ஒப்பாரிக்கு வேண்டியதெல்லாம் அந்த இடத்தில் இருக்கிறது, ஒரு சொட்டுக் கண்ணீர் என்ற பேச்சே இல்லாமல்.

பெரட்டில் கொட்டுச் சத்தம் கேட்பதாகவும் அந்தக் கண்ணி சொல்கிறது. பேர் படிக்கவே ஆளில்லாத பெரட்டுக்களத்தில் கொட்டு அடித்தது யார்? நான் இதைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். “பேய் டீச்சர்” என்று ஒரு பையன் சொன்னான். அதைவிட நல்ல பதில் இன்றுவரை என்னிடம் இல்லை.

சயாமுக்குப் போன கதையைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. சப்பானியர் 1942-இல் தொடங்கி 1943 அக்டோபருக்குள் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்துப் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு, போர்க் கைதிகளோடு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களையும் கொண்டுபோனார்கள். திரும்பாதவர்கள் கணக்கில் அடங்காது. 1943 ஏப்ரலில் ஆள் சேர்த்தபோது மூன்று மாத வேலை என்றுதான் சொன்னார்கள். சித்திரையில் லாரி ஏறினால் மூன்று மாதம் ஆடியில் முடியும். “ஆடிக்குள்ள வந்துருவான்” என்பதை எதுகை மோனைக்காகப் போட்ட மாதம் என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்குச் சொல்லப்பட்ட தவணையையே அந்தப் பெண் திருப்பிச் சொல்கிறாள். நம் ஊர்ப் பெயர் வரலாற்றுப் புத்தகத்தில் வருவது 1948 ஜூன் 16-க்காக. மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுடப்பட்டார்கள், அவசரகாலம் வந்தது. அதற்கு ஐந்து வருடத்துக்கு முந்தின ஆடி மாதம் புத்தகத்தில் இல்லை. பாட்டில் இருக்கிறது.

மோனை என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. இரண்டாம் கண்ணியில் “ஆசுபத்திரி”யை எடுத்துவிட்டு “மருத்துவமனை” என்று போட்டிருக்கிறீர்கள். தமிழ்ப் பற்று புரிகிறது. ஆனால் வரியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஆத்தோரம் என்றால் அந்தி. ஆசுபத்திரி என்றால் அமாவாசை. ஆளோடு ஆள் என்றால் ஆடி. இடம் எந்த ஒலியில் தொடங்குகிறதோ அந்த ஒலியில்தான் தவணையும் தொடங்குகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இந்தக் கட்டை வைத்துத்தான் கண்ணி வரிசையை மனத்தில் வைத்திருந்தார்கள். மருத்துவமனைக்கு அமாவாசை ஒட்டாது. ஒட்டாவிட்டால் அடுத்த தலைமுறை அந்த இடத்தில் “மறுநாளு” என்று பாடிவிடும். போச்சு. சாயங்காலம், மாதக் கடைசி, பருவம் என்று தவணை நீண்டுகொண்டே போவது தட்டையாகிவிடும்.

மேடையில் பிள்ளைகளுக்கு நான்கு நிமிடம்தான் தர முடியும், அதனால் இரண்டாம் கண்ணியை விட்டுவிடலாம், ஆஸ்பத்திரிக் கதை தேவையில்லை என்று ஒருவர் குழுவில் எழுதியிருந்தார். அண்ணே, கொஞ்சம் யோசியுங்கள். இரண்டாம் கண்ணியில் அவன் காய்ச்சலில் கிடக்கிறான், அமாவாசைக்குள் வந்துவிடுவான் என்கிறாள். மூன்றாம் கண்ணியில் அவன் சயாமில் இருக்கிறான். அப்படியென்றால் அவன் ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்திருக்கிறான். அவள் சொன்னது பலித்திருக்கிறது. ஒரு முறை பலித்த வாய் என்பதால்தான் மூன்றாவது முறை “ஆடிக்குள்ள” என்று அவள் சொல்லும்போது நாமும் கொஞ்சம் நம்புகிறோம். நம்ப வைத்துத்தான் கீழே தள்ளுகிறது பாட்டு. நேரம் இல்லையென்றால் முழுப் பாட்டையும் எடுத்துவிட்டு வேறு பாட்டுப் பாட வையுங்கள். மயிலாட்டத்துக்கு இரண்டு நிமிடம் குறைத்தாலும் யாரும் கோபிக்கப் போவதில்லை.

இதெல்லாம் தோட்டத்தில் நாமாகக் கண்டுபிடித்த வித்தை இல்லை. தாழிசை என்று யாப்பில் ஒன்று உண்டு. ஒரே பொருள்மேல் மூன்றடுக்கி வரும் என்று இலக்கணம் சொல்லும். சிலப்பதிகாரத்தின் கானல்வரியைப் படித்தவர்களுக்கு இது தெரியும். புகார்க் கடற்கரையில் கோவலன் யாழை வாங்கிக் காவிரியைப் பாடுகிறான். சோழ மன்னன் “கங்கை தன்னைப் புணர்ந்தாலும் புலவாய் வாழி காவேரி” என்பது முதல் பாட்டு. இரண்டாவதில் கங்கையை எடுத்துவிட்டு “கன்னி தன்னைப் புணர்ந்தாலும்” என்று வைக்கிறான். முக்கியமாக மாறுவது ஆற்றின் பெயர்தான். புருஷன் வேறு ஒருத்தியிடம் போனாலும் நீ ஊடுவதில்லை, அது பெண்களின் பெருங்கற்பு என்று “அறிந்தேன் வாழி காவேரி” என்று முடிக்கிறான். ஒரு ஆற்றோடு நிறுத்தியிருந்தால் ராஜாவின் திக்விஜயம் என்று விட்டுவிடலாம். இரண்டாவது ஆறும் வந்ததும் பக்கத்தில் இருக்கும் மாதவிக்குச் சுருக்கென்று தைக்கிறது. இவன் மனத்தில் வேறு குறிப்பு இருக்கிறது என்று எண்ணிவிடுகிறாள்.

அவள் என்ன செய்கிறாள் பாருங்கள். யாழை வாங்குகிறாள், அதே சந்தத்தில், அதே காவிரியை, அதே “அறிந்தேன் வாழி காவேரி”யில் முடியும்படி பாடுகிறாள். நடுவில் மட்டும் மாற்றுகிறாள். பெண்ணின் கற்பு இருந்த இடத்தில் “நின் கணவன் திருந்து செங்கோல் வளையாமை” வந்து உட்காருகிறது. நீ இப்படி ஒயிலாக நடக்கிறாய் என்றால் அதற்குக் காரணம் உன் புருஷன் ஒழுங்காக இருப்பதுதான், தெரிந்துகொண்டேன் காவேரி. அவன் பெண்ணைப் பற்றிச் சொன்ன வாக்கியத்தை அவள் ஆணைப் பற்றிச் சொல்லிவிட்டாள். சட்டகம் அவனுடையது, உள்ளே வைத்தது அவளுடையது. மேற்கொண்டும் பாடி முடித்ததும், இவள் வேறொருவன் மேல் மனம் வைத்துப் பாடினாள் என்று அவன் எழுந்து போய்விடுகிறான். மதுரை, சிலம்பு, தீ எல்லாம் அதற்குப் பிறகு. உங்கள் குழு கையில் கானல்வரி அகப்பட்டிருந்தால் மாதவியின் பாட்டு “மேற்படி” ஆகியிருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து தாலாட்டுப் பகுதி. “யாரடிச்சு நீயழுதே, அடிச்சாரைச் சொல்லியழு” என்பது தமிழ் பேசும் இடமெல்லாம் இருக்கும் பாட்டு. மாமன் அடித்தானோ மல்லிகைப்பூச் செண்டாலே, அத்தை அடித்தாளோ அரளிப்பூச் செண்டாலே என்று போகும். புத்தகத்தில் அரளியை அல்லி ஆக்கிவிட்டீர்கள். அரளி விஷச் செடி, குழந்தைப் பாட்டில் வேண்டாம் என்று அடிக்குறிப்பு வேறு. அல்லி என்று பாடுபவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உங்களுக்குப் பாடிக் கொடுத்த பாட்டி அரளி என்றுதான் பாடினார், அந்தப் பதிவை நானும் கேட்டேன்.

மாமன் என்பது தாயின் கூடப் பிறந்தவன். அத்தை என்பது புருஷனின் அக்காவோ தங்கையோ, அதாவது நாத்தனார். தாய்க்குத் தன் அண்ணன் கையில் மல்லிகை, நாத்தனார் கையில் அரளி. இரண்டு பூவுக்கு நடுவில் ஒரு குடும்பத்துச் சண்டை முழுதும் இருக்கிறது. லயத்தில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாமியாரும் நாத்தனாரும் படுத்திருப்பார்கள். மருமகள் நேராக வாய் திறக்க முடியாது. குழந்தையிடம் பாடலாம், யார் கேட்க முடியும்? அத்தைக்கு அல்லியும் மோனையில் பொருந்தும், அரளியும் பொருந்தும். நாத்தனாரோடு ஒத்துப் போனவள் அல்லி பாடினாள், ஒத்துப் போகாதவள் அரளி பாடினாள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரே பெண்ணே மாதத்துக்கு ஒரு பூ மாற்றியிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். கடைசியில் “ஆரும் அடிக்கவில்லை, ஐவிரலும் தீண்டவில்லை” என்று வருவது அவ்வளவையும் சொல்லிவிட்டு ஒன்றுமே சொல்லாததுபோல் கையைத் துடைத்துக்கொள்வது. அல்லியாக மாற்றிவிட்டால் அந்தக் கடைசி வரிக்கு வேலையே இல்லை.

1987-இல் வந்த நாயகன் படத்தில் “யார் அடித்தாரோ” என்று வருகிறதே, அதுவும் இதே கேள்விதான். ஆனால் அங்கே “ஆரும் அடிக்கவில்லை” என்ற பதில் வராது. வரவும் முடியாது, அந்தக் கதையில் அடித்தவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள்.

வெட்டவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. கும்மிப் பகுதியில் முளைப்பாரிக்கு ஒன்று முதல் ஒன்பது நாள் வரை எண்ணிக்கொண்டு போகும் பாட்டில் எண்ணைத் தவிர வேறொன்றும் நகரவில்லை. கால் தாளத்துக்காகப் பாடியது, அங்கே “இப்படியே ஒன்பது வரை” என்று போட்டால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பஜனைப் பாட்டில் நாமம் மட்டும் மாறும் இடங்களும் அப்படித்தான். ஆனால் பாலர் பாட்டில் “கைவீசம்மா கைவீசு”க்கு வரிசையைக் குலைத்திருக்கிறீர்கள். கோயிலுக்குப் போவது முதலிலும் கடைக்குப் போவது கடைசியிலும் இருக்கிறது. பக்தி முக்கியம் என்று யாரோ மேலே ஏற்றியிருக்க வேண்டும். கடைக்குப் போய், மிட்டாய் வாங்கி, மெதுவாய்த் தின்று, சொக்காய் வாங்கிப் போட்டுக்கொண்டு, அப்புறம் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வருவதுதான் அந்தப் பாட்டின் பொழுது. புதுச் சட்டை போடாமல் எந்தக் குழந்தை கோயிலுக்குக் கிளம்பும்? பழையபடி போட்டுவிடுங்கள்.

வெட்டலாமா வேண்டாமா என்று எப்படித் தெரியும் என்று செயலாளர் தம்பி கேட்பார். தம்பி, கண்ணிகளின் வரிசையை மாற்றிப் பாடிப் பாருங்கள். மாற்றியும் ஒன்றும் கெடவில்லையென்றால் சுருக்கலாம். மூன்றாம் நாளையும் ஐந்தாம் நாளையும் இடம் மாற்றினால் கும்மிக்கு எதுவும் ஆகாது. சயாமை முன்னாலும் ஆஸ்பத்திரியைப் பின்னாலும் வைத்தால் பெரட்டுப் பாட்டு வேறு பாட்டாகிவிடும். அவன் சயாமிலிருந்து காய்ச்சலோடு திரும்பி வந்து கட்டிலில் கிடக்கிறான் என்று கதை போகும்.

இரண்டு டிவிஷன் வடிவங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து டிவிஷனில் பெரட்டுப் பாட்டின் கடைசி வரியை “அந்திக்குள்ள வந்துருவாரு” என்று பாடினார்கள். முதல் மூன்று கண்ணியிலும் “வந்துருவான்”, நான்காவதில் மட்டும் “வந்துருவாரு”. இதை ஒருமை பன்மை மயக்கம் என்று திருத்திவிட்டீர்கள். கூடப் பிறந்த அண்ணனை நம் பக்கம் தங்கச்சி அவன் இவன் என்று சொல்வது சகஜம். செத்தவர்களை அப்படிச் சொல்வதில்லை. படத்துக்கு மாலை போட்டுப் படையல் வைத்துவிட்டால் சின்னப் பையனாக இருந்தாலும் “அவரு” ஆகிவிடுவார், சாமி ஆகிவிடுவார். ஒரு விகுதியில் அவள் தனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டாள். நம் பக்கத்து வடிவத்தில் அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்பது கடைசி வரை மூடியே இருக்கிறது. எனக்கு நம் பக்கத்து வடிவம்தான் பிடிக்கும், அதற்குக் காரணம் ஊர்ப் பாசமாகவும் இருக்கலாம். எது மூலம் என்று சண்டை போட வேண்டாம். இரண்டும் பாடப்பட்டவை. இரண்டையும் அடுத்தடுத்த பக்கத்தில் போடுங்கள். கதை எங்கே பிரிகிறது என்று படிப்பவர்கள் தாமே பார்த்துக்கொள்வார்கள்.

உருமி மேளம் அடிக்கும் தம்பிகள் புதிதாகக் கட்டிய ஐந்தாம் கண்ணியைப் பழைய பாட்டில்லை என்று தள்ளிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். “சூப்பர்வைசர் பேர் படிச்சா கைதூக்க ஆளில்ல”, “அக்கரைச் சிங்கப்பூரில, அடுத்த சம்பளத்துக்கு வந்துருவான்.” முதல் வரி சுமார்தான். ஆனால் “அடுத்த சம்பளத்துக்கு” என்று கட்டிய பிள்ளைக்குத் தவணை நீளும் கதை யாரும் சொல்லிக் கொடுக்காமலே பிடிபட்டிருக்கிறது, மோனையும் தவறவில்லை. நான்காம் கண்ணியோடு ஒட்டாமல், கீழே கோடு போட்டு, இப்போது பாடப்படுவது என்று குறித்துச் சேர்த்துவிடுங்கள். நம் லயத்துப் பிள்ளைகள் தோட்டத்தை விட்டுப் போன கதைக்கு அதைத் தவிர வேறு பாட்டு நம்மிடம் இல்லை.

பக்கம் போதாது, அச்சுச் செலவு ஏறும் என்பீர்கள். புத்தகத்தின் முன்னால் வாழ்த்துரைகள் இருக்கின்றனவே, அவற்றைப் படித்தீர்களா? பெருமகிழ்ச்சி அடைகிறேன், வரலாற்றுச் சிறப்பு மிக்க தருணம், இளைய தலைமுறை, ஏற்பாட்டுக் குழுவினருக்குப் பாராட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் பெயரும் பதவியும் படமும் மட்டும்தான் மாறுகிறது. வரிசையை மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் கெடவில்லை. “மேற்படி” போட வேண்டிய இடம் அதுதான். ஒரு பக்கத்தில் எல்லாப் படங்களையும் சேர்த்துப் போட்டு, கீழே ஒரே வாழ்த்தை அச்சடித்தால், வெட்டிய கண்ணிகள் அத்தனைக்கும் இடம் கிடைத்துவிடும். நன்கொடை கொடுத்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று பயமாக இருந்தால் என் பேரைச் சொல்லிவிடுங்கள். அவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம் என்று போட்டிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்து டிவிஷன் அக்காவை நான் காரில் கூட்டிக்கொண்டு வருகிறேன். முட்டி வலி என்பதால் அவருக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று வேண்டும். அவர் உட்கார்ந்த இடத்தில் தனியாகப் பாட மாட்டார். கேள்வி வரியைப் பாட நாலைந்து பேர் வேண்டும், தட்டச்சு செய்த தங்கைகள் எல்லாரும் வந்துவிடுங்கள். பதிவு செய்பவர் போனில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வரட்டும். அக்கா பாட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தமாட்டார். மாதிரிப் படியை அச்சகத்துக்கு அனுப்புவதைத் திங்கட்கிழமை வரை மட்டும் தள்ளிப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய தமிழ் டீச்சர்
சுங்கை சிப்புட்